எஞ்சினின் வெப்பக் காவல்: தெர்மாஸ்டாட்டும் கூலன்ட் சென்சாரும்

கொல்கத்தா நகரின் தென்பகுதியில், டாக்குரியா என்னும் இடத்தில், ரயில் பாதையைக் கடந்து செல்லும் மேம்பாலம் ஒன்று உள்ளது. கரியாஹாட்டிலிருந்து யாதவ்பூர் நோக்கிச் செல்லும் வண்டிகள் இதன்மீது ஏறிச் செல்கின்றன. மே மாதத்து நண்பகலில், நெரிசலுக்கிடையே முதல் கியரில் ஊர்ந்து ஏறிய மஞ்சள் நிற அம்பாசடர் டாக்சி இத்தகைய பாலத்தின் நடுவே நின்றுவிடுவதும், அதன் டிரைவர் பானெட்டைத் திறந்துவிட்டு, ஆவி கக்கும் ரேடியேட்டரின் முன் தண்ணீர்க் குவளையுடன் காத்து நிற்பதும் அந்நகரத்தார் பல்லாண்டுகள் கண்டு பழகிய காட்சிகளாகும். ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள உத்தரபாராவில், 1950-களின் பிற்பகுதி முதல் 2014-ஆம் ஆண்டு மே மாதம் வரை அம்பாசடர் கார்கள் உற்பத்தியாயின. அவற்றின் எண்ணிக்கை இன்று அருகிவிட்டது. ஆயினும் அக்காட்சியிலிருந்து பிறந்த ஒரு பழக்கம் மட்டும் நாடெங்கும் நிலைத்துவிட்டது. எஞ்சின் சூடேறுகிறதா? தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடு என்பதே அப்பழக்கம்.

கொல்கத்தாவில் மட்டுமன்று, மதுரையிலும் திருச்சியிலும்கூடப் பட்டறைகளில் இவ்வறிவுரையைக் கேட்கலாம். "நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டியதில்லை, குளிர் நாட்டாருக்காகச் செய்த பொருள் அது" என்பர். இக்கூற்று எவ்வளவு தூரம் சரி? அண்மைக் காலத்தில் பழைய வண்டிகளுக்கு வேறு மேனிபோல்டு வாங்கிப் பொருத்தும் வழக்கம் பரவி வருவதால், இவ்வினா புதிய முக்கியத்துவம் பெற்றுள்ளது. ஜீப் போன்ற வண்டிகளை நம்பித் தொலைவிடங்களில் பணிபுரியும் களப்பணியாளர்களுக்கும், வெப்பவியலை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இப்பொருள் பயன்படும் என்பதால், இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

எஞ்சினுக்கு வெப்பம் பகையா?

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கோ அதனினும் குறைவோதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பெரும் பங்கு புகையுடன் வெளியேறுகிறது. எஞ்சிய பங்கைச் சிலிண்டர்களைச் சுற்றியோடும் நீர் ஏற்று, ரேடியேட்டரின் வழியே காற்றில் விட்டுவிடுகிறது. இந்நீர் இல்லையெனில் பிஸ்டன் சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆதலால், நீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நன்மை என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அவ்வெண்ணம் தவறானது.

குளிர்ந்த சிலிண்டரில் பெட்ரோல் முழுதும் ஆவியாவதில்லை. ஆவியாகாத பகுதி சுவரில் படிந்து, அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி விடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. எஞ்சின் போதிய சூட்டில் இருந்தால் அந்நீர் ஆவியாகவே புகைக்குழாய் வழியே போய்விடும். சுவர் குளிர்ந்திருந்தால் அங்கேயே துளித்து, எரிவாயுக்களிலுள்ள அமிலப் பொருள்களுடன் கலந்து இரும்பை அரிக்கிறது. எண்ணெயுடன் சேர்ந்து சேறு போலவும் படிகிறது. சிலிண்டர்த் தேய்மானத்தில் பெரும்பகுதி உராய்வினால் மட்டுமன்றிக் குளிர் நிலையில் நிகழும் இவ்வரிப்பினாலும் உண்டாகிறது என்பதை 1930-களிலேயே பிரிட்டனில் மோட்டார் எஞ்சினியர்கள் நடத்திய ஆராய்ச்சிகள் எடுத்துக்காட்டின.

நம் ஊர் வெயிலைப் பற்றிய வாதத்தையும் எண்களைக் கொண்டு சீர்தூக்கிப் பார்க்கலாம். சாதாரணத் தெர்மாஸ்டாட் 82 அல்லது 88 டிகிரி சென்டிகிரேடில் திறக்கத் தொடங்குகிறது. கொல்கத்தாவின் கடுங்கோடையில் காற்று 40 டிகிரியைத் தொட்டாலும், அது எஞ்சினுக்கு வேண்டிய சூட்டுக்கு 40 டிகிரிக்கு மேல் குறைவாகவே உள்ளது. ஜனவரி மாத விடியற்காலையில் இவ்விடைவெளி 65 டிகிரிக்கும் மேற்படும். ஆகவே தெர்மாஸ்டாட் குளிர் நாட்டுக்கு மட்டும் உரிய பொருளன்று என்பது தெளிவு.

மெழுகு செய்யும் வேலை

தெர்மாஸ்டாட் என்பது எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் செல்லும் நீர்வழியில் அமைந்த தானியங்கி மடையாகும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இது மூடியிருக்கும். நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல், துணைவழியாக எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். உரிய வெப்பநிலை வந்ததும் மடை திறக்கத் தொடங்கும். மேலும் 10 முதல் 15 டிகிரி ஏறியபின் முழுதும் திறந்துவிடும். சூடு தணிந்தால் மீண்டும் சிறிது மூடிக்கொள்ளும்.

முற்காலத் தெர்மாஸ்டாட்டுகளில், எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த மடிப்புக் குழல் இவ்வேலையைச் செய்தது. பின்னர், 1930-களில் செர்ஜியஸ் வெர்னெட் என்பவர் அமைத்த மெழுகுத் தெர்மாஸ்டாட் அதன் இடத்தைப் பிடித்தது. சிறிய பித்தளைக் குப்பியில் மெழுகு நிரப்பப்பட்டிருக்கும். மெழுகு உருகும்போது அதன் பருமன் கணிசமாகப் பெருகும். அவ்விரிவு ஒரு தண்டினை உந்த, ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மீறி வால்வு திறக்கும். மின்சாரமோ மனிதக் கையோ வேண்டாமல், ஒரு பொருள் திண்மநிலையிலிருந்து திரவநிலைக்கு மாறும் இயல்பு ஒன்றே இவ்வளவும் செய்துவிடுகிறது.

அப்படியானால் தெர்மாஸ்டாட்டைக் கழற்றியபின் சில வண்டிகள் கொதிப்பது நின்றதாகச் சொல்லப்படுவது எங்ஙனம்? அடைபட்ட ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், தேய்ந்த வாட்டர் பம்ப், பழுதாகி மூடியபடியே நின்றுவிட்ட தெர்மாஸ்டாட் ஆகியவற்றுள் ஒன்றே பெரும்பாலும் கொதிப்பின் மூலகாரணம். மடையை எடுத்துவிட்டால் அக்குறை சிறிது காலம் மறைந்திருக்கும், ஆனால் தீராது. சில எஞ்சின்களில் மடையை எடுப்பதே கேடு தரும். அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த பி.எம்.சி. எஞ்சினில் துணைவழியின் வாய், தெர்மாஸ்டாட்டின் அருகே எப்போதும் திறந்திருக்கும். மடையின்றி விட்டால் நீரின் ஓட்டம் ஒழுங்கு தவறி, ஹெட்டின் பின்பகுதிக்கு உரிய பங்கு கிடைக்காமற் போகலாம். இதனாலேயே, அவ்வகை எஞ்சின்களைப் பந்தயத்துக்காகத் திருத்தியமைத்தவர்கள்கூட, தெர்மாஸ்டாட்டை எடுத்தபோது அவ்விடத்தை வெறுமையாக விடாமல் ஒரு தடுப்பு வளையத்தைப் பொருத்தினர்.

சென்சார் சொல்லும் செய்தி

மடை தன் வேலையைச் செய்கிறதா என்பதை டிரைவருக்கும் எஞ்சினுக்கும் அறிவிப்பது கூலன்ட் சென்சார். இதனுள் தெர்மிஸ்டர் என்னும் சிறு மின்தடை உள்ளது. சாதாரணக் கம்பியின் மின்தடை சூடேற ஏற அதிகரிக்கும். இத்தெர்மிஸ்டரிலோ அது குறைந்துகொண்டே வரும். பரவலாக வழங்கும் ஒருவகைச் சென்சாரில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம் உள்ள தடை, 80 டிகிரியில் சுமார் 300 ஓமாகிவிடும்.

பழைய வண்டிகளில் இச்செய்தி முகப்பிலுள்ள முள்ளை அசைப்பதற்கு மட்டும் பயன்பட்டது. எம்.பி.எஃப்.ஐ. என வழங்கும் எரிபொருள் பீய்ச்சு முறை வந்தபின், வண்டியிலுள்ள கணினி இதனைக் கொண்டே பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கிறது. நீர் குளிர்ந்திருப்பதாகச் சென்சார் சொன்னால் கணினி கூடுதலாகப் பெட்ரோலை விடும். தெர்மாஸ்டாட் நீக்கப்பட்ட வண்டியில் நீர் உரிய சூட்டை அடைவதே அரிது. ஆகையால் கணினி, எஞ்சின் இன்னும் இப்போதுதான் கிளம்பியது என்றே கருதிப் பெட்ரோலை வீணடித்துக்கொண்டிருக்கும். எரியாத பெட்ரோல் புகையைத் தூய்மையாக்கும் கருவியையும் கெடுக்கும். புதிய வண்டிகளில் இந்நிலையைக் கணினியே கண்டறிந்து, பி 0128 என்னும் பிழைக்குறியைப் பதிவு செய்துவிடும்.

இது வண்டிக்காரரின் பணப்பையோடு முடியும் செய்தியன்று. காற்று மாசினால் வருந்திய கொல்கத்தாவில், 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வணிக வாகனங்களை அகற்றுமாறு கல்கத்தா உயர்நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. நகரின் காற்றைக் காக்க நீதிமன்றமே முன்வர வேண்டியிருந்தது. சில நூறு ரூபாய்ப் பொருளைக் கழற்றி எறிவதால் அதே காற்றில் நாம் கலக்கும் புகை எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேனிபோல்டும் நீர்வழியும்

காற்றும் எரிபொருளும் சிலிண்டர்களுக்குப் பிரிந்து செல்லும் கிளைக்குழாயை இன்லெட் மேனிபோல்டு என்பர். சக்தியைக் கூட்டவோ, கிடைக்காத உதிரிப் பாகத்துக்கு ஈடாகவோ, கார்புரேட்டரிலிருந்து எம்.பி.எஃப்.ஐ. முறைக்கு மாறவோ சிலர் வேறு மேனிபோல்டைப் பொருத்துகின்றனர். இதனால் தெர்மாஸ்டாட்டுக்கு நேர்வது என்ன என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும்.

அம்பாசடரின் பி.எம்.சி. எஞ்சினில் தெர்மாஸ்டாட் சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்தில் அமைந்துள்ளது. மேனிபோல்டை மாற்றினாலும் நீர்வழிக்கு ஊறு இல்லை. ஆனால் 1985-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்து, வனத்துறை, காவல்துறை, ராணுவம் முதலியவற்றில் பல்லாண்டுகள் உழைத்த மாருதி ஜிப்சியின் நிலை வேறு. அதன் கார்புரேட்டர் எஞ்சின்களில், ஹெட்டிலிருந்து வெளிவரும் சூடான நீர் மேனிபோல்டுக்குள் புகுந்தே செல்கிறது. தெர்மாஸ்டாட்டும், முள்ளை அசைக்கும் சென்சாரும் மேனிபோல்டிலேயே அமைந்துள்ளன. அமெரிக்க வி-8 எஞ்சின்கள் பலவற்றிலும், இருபுற ஹெட்டுகளிலிருந்து வரும் நீர் மேனிபோல்டின் முன்பகுதியில் கூடி, அங்குள்ள தெர்மாஸ்டாட்டின் வழியே வெளியேறுகிறது. இவ்வகை எஞ்சின்களில் மேனிபோல்டைக் கழற்றுபவர், தாம் அறிந்தோ அறியாமலோ, காற்றின் வழியோடு நீரின் வழியையும் கழற்றுகிறார்.

மேனிபோல்டினுள் நீரைச் செலுத்துவதற்கும் காரணம் உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றுப்புறத்தின் வெப்பத்தை உறிஞ்சுவதால் மேனிபோல்டு குளிர்ந்துவிடும். வெந்நீர் அதனை ஈடு செய்கிறது. நீர்வழியற்ற மேனிபோல்டு சமவெளியில் பெருந்தொல்லை தராவிடினும், டார்ஜிலிங், உதகை போன்ற மலைப்பகுதிகளின் குளிர்காலைகளில் எஞ்சினைத் தடுமாற வைக்கும்.

மலைப்பகுதிக்கு மற்றோர் எச்சரிக்கையும் உரியது. மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய சந்தக்ஃபு 3,636 மீட்டர் உயரமுடையது. காற்றழுத்தம் குறைந்த அவ்வுயரத்தில் நீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மாஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்குமாயின், இடையிலுள்ளது 6 டிகிரியே. ரேடியேட்டர் மூடி நல்ல நிலையிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோகிராம் அழுத்தத்தைத் தாங்குமாயின், பிரஷர் குக்கரில் நிகழ்வது போலவே கொதிநிலை உயர்ந்து, அங்கும் சுமார் 112 டிகிரி வரை நீர் கொதியாதிருக்கும். சமவெளியில் இது 119 டிகிரி அளவினதாகும். எனவே, தெர்மாஸ்டாட்டைக் குறை கூறுமுன் மூடியின் ரப்பரைச் சோதிப்பது நலம்.

பொருத்தும் முறை

வேலையைத் தொடங்குமுன் எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால், அழுத்தம் நீங்கிய நீர் ஒரு நொடியில் ஆவியாகிப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். இதில் அவசரம் கூடவே கூடாது.

முதலாவதாக, பழைய மேனிபோல்டைக் கழற்றுமுன், அதில் வந்து சேரும் நீர்க்குழாய்கள் யாவை, ஒவ்வொன்றும் எங்கிருந்து எங்குச் செல்கிறது என்பதைத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். புதிய மேனிபோல்டில் அவற்றுக்கு ஈடான வாய்கள் உள்ளனவா என்று ஒப்பிட வேண்டும். மிகுதியாக உள்ள வாயை அடைக்கலாம். துணைவழியின் வாயை மட்டும் அடைத்துவிடலாகாது.

இரண்டாவதாக, புதிய மேனிபோல்டில் தெர்மாஸ்டாட் அமரும் குழியின் விட்டமும் ஆழமும் பழையதோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் விளிம்பின் ஓரமாக நீர் கசிந்து, மடை மூடியும் மூடாததாகவே இருக்கும். குழியே இல்லாத மேனிபோல்டாயின், ஹெட்டுக்கு இயன்றவரை அண்மையில் தனி உறை ஒன்றை அமைத்து அதில் பொருத்தலாம். அவ்வாறு செய்கையில் சூடான நீர் மெழுகுக் குப்பியை வந்து தொடுமாறு துணைவழி இருத்தல் வேண்டும். துணைவழிக்கு இடமில்லையெனில் தெர்மாஸ்டாட்டின் தட்டில் சுமார் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளையிடுவர். இவ்விரண்டும் இல்லையேல், எஞ்சினுக்குள் நீர் கொதித்துக்கொண்டிருக்க, தேங்கிய குளிர்நீரில் கிடக்கும் மடை திறவாமலே இருக்கும்.

மூன்றாவதாக, திசையைக் கவனிக்க வேண்டும். மெழுகுக் குப்பியும் ஸ்பிரிங்கும் உள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். தட்டில் ஆடிக்கொண்டிருக்கும் சிறு ஊசி காணப்பட்டால், காற்று வெளியேறும் பொருட்டு அது மேற்புறமாக அமைய வேண்டும். தலைகீழாகப் பொருத்திய நல்ல தெர்மாஸ்டாட்டை விடப் பழுதான தெர்மாஸ்டாட் மேலானதன்று, கீழானதுமன்று. இரண்டும் ஒரே கேட்டையே விளைக்கும்.

நான்காவதாக, சென்சாரின் இடம். இதுவே எல்லாவற்றினும் முக்கியமானது. சென்சார், தெர்மாஸ்டாட்டுக்கு எஞ்சின் பக்கத்தில், ஓடும் நீரில் முனை நன்கு மூழ்கியிருக்குமாறு அமைய வேண்டும். தெர்மாஸ்டாட்டைக் கடந்த பகுதியில் வைத்தால் மடை திறக்கும் வரை அது குளிர்ந்த நீரையே அளக்கும். அடைபட்ட மூலையில் வைத்தால் தேங்கிய நீரை அளக்கும். நீர் வற்றிக் காற்று நிறைந்த இடத்தில் சிக்கினாலோ, எஞ்சின் வெந்துகொண்டிருக்கையிலும் முகப்பிலுள்ள முள் தாழ்ந்தே நிற்கும். சென்சார் தன்னைத் தொடும் பொருளின் சூட்டையே அளக்கிறது. காற்று, நீரைப் போல வெப்பத்தை அதற்குத் தராது. தொலைவான காட்டுப் பாதையில் முள்ளை நம்பி வண்டியோட்டும் களப்பணியாளர், ஹெட் வளைந்த பின்னரே உண்மையை அறிய நேரிடும்.

ஐந்தாவதாக, திருகுமரை. ஜப்பானிய வண்டிகளின் சிறு சென்சார்களில் ஓர் அங்குலத்துக்கு 28 மரைகளும், அதே அளவினதாகத் தோன்றும் அமெரிக்க வகையில் 27 மரைகளும் உள்ளன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கையால் இரு சுற்றுகள் எளிதாக ஏறும். பின்னர் ஸ்பானரால் வலிந்து முறுக்கினால் மேனிபோல்டின் மெல்லிய அலுமினிய மரை அழிந்துவிடும். இதற்கென விற்கும் இடைத்திருகைப் பயன்படுத்துவதே முறை.

ஆறாவதாக, மின் இணைப்பு. முள்ளை அசைக்கும் சென்சாரில் பெரும்பாலும் ஒரே ஒரு கம்பிதான் இருக்கும். மின்சாரம் அதன் உடல் வழியே எஞ்சினுக்குத் திரும்பும். கசிவைத் தடுக்க வெள்ளை நாடாவை மிகுதியாகச் சுற்றினால் அத்தொடர்பு கெட்டு, முள் பொய் சொல்லும். கணினிக்குச் செய்தி தரும் சென்சாரில் இரு கம்பிகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்துதல் இயலாது. ஆகவே முள்ளுக்கும் கணினிக்கும் தனித்தனிச் சென்சார்கள் தேவைப்படும் வண்டியில், இரு வாய்களும் உள்ள மேனிபோல்டையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இறுதியாக, கூலன்ட்டை மெல்ல ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே அடைபட்ட காற்று முழுதும் வெளியேறும் வரை நிரப்ப வேண்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் தொட்டுப் பார்த்தால், முதலில் குளிர்ந்திருந்து, பின் சட்டெனச் சூடேறும். மடை திறந்ததற்கு அதுவே அடையாளம். தொடக்கம் முதலே மெல்ல மெல்லச் சூடேறினால் மடை மூடவில்லை எனவும், எஞ்சின் கொதித்தும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் மடை திறக்கவில்லை எனவும் கொள்ளலாம்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னதாகச் சட்டத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. எனவே பெரிய மாறுதல்களுக்கு முன் பதிவு அலுவலகத்தைக் கேட்டறிவது கடமையாகும்.

வகுப்பறையில்

பழைய தெர்மாஸ்டாட் ஒன்று ஆசிரியர் கையில் கிடைத்தால் அது சிறந்ததொரு பாடக் கருவியாகும். குளிர்ந்த நிலையில் அதன் வால்வைச் சிறிது திறந்து, ஒரு நூலை இடுக்கில் கவ்வவிட்டு, நீருள்ள பாத்திரத்தில் அடியைத் தொடாமல் தொங்கவிட வேண்டும். அருகில் வெப்பமானியும் இருக்கட்டும். நீரை மெல்லச் சூடாக்கி வருகையில், வால்வு திறக்கும் கணத்தில் நூல் நழுவித் தெர்மாஸ்டாட் கீழே விழும். அப்போதைய வெப்பநிலையை அதன் தட்டில் பொறித்துள்ள எண்ணோடு மாணவர்கள் ஒப்பிடலாம். பட்டறையில் புதிய தெர்மாஸ்டாட்டைச் சோதிக்கவும் இதுவே எளிய வழி.

உருகிய மெழுகைக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவிட்டால், அதன் நடுப்பகுதி குழிந்து காணப்படும். உறையும்போது சுருங்கும் மெழுகு உருகும்போது விரியும் என்பதற்கு இதுவே சான்று. சென்சாரின் இரு முனைகளையும் மல்டிமீட்டரில் இணைத்து, சூடேறும் நீரில் 10 டிகிரிக்கு ஒருமுறை மின்தடையைக் குறித்து வரைபடம் வரையச் செய்தால், தெர்மிஸ்டரின் இயல்பை மாணவர்கள் தம் கையாலேயே கண்டறிவர்.

மெழுகு குழியும் காரணத்தை இன்று கிண்ணத்தில் கண்ட மாணவன், நாளை ஒரு பட்டறையில் நிற்கும்போது, கொதிக்கும் வண்டிக்கு மருந்தாகத் தெர்மாஸ்டாட்டைக் கழற்றச் சொல்லமாட்டான். ரேடியேட்டரையும், பெல்ட்டையும், மூடியையும் முதலில் பார்ப்பான். மேனிபோல்டை மாற்ற நேர்ந்தால், மடையையும் சென்சாரையும் சூடான நீரோட்டத்தில் அவற்றுக்கு உரிய இடத்திலேயே திரும்ப அமைப்பான். வண்டியும் எரிபொருளும் ஊரின் காற்றும் இதனாற் பெறும் நன்மை சிறிதன்று.